ஆயில் ஏன் வெளுத்தது?

ஓடிக்கொண்டிருக்கும் கார் இன்ஜினில் ஆயிலின் அழுத்தம் 2 முதல் 5 பார் வரை இருக்கும். கூலன்ட்டின் அழுத்தம் ரேடியேட்டர் மூடி அனுமதிக்கிற அளவுதான். ஏறக்குறைய 1 பார். இரண்டுக்கும் நடுவே நிற்கும் சுவரில் மயிரிழை விரிசல் ஒன்று விழுந்தால் எது எதற்குள் போகும்? வலுத்தது இளைத்ததற்குள் போகும். அதாவது ஆயில், கூலன்ட்டுக்குள் போக வேண்டும். போகவும் செய்கிறது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்ததும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஆயில் பம்ப் நின்ற சில நொடிகளில் ஆயிலின் அழுத்தம் பூஜ்யம். கூலன்ட்டோ மூடிய குழாய்களுக்குள் இன்னும் கொதிசூட்டில், பழைய அழுத்தத்தோடே இருக்கிறது. அதைச் சுற்றவைத்த பம்ப்பும் நின்றுவிட்டதால், உலோகத்தின் சூடு முழுக்க அதன் மேலேயே இறங்கி, சிறிது நேரம் அழுத்தம் ஏறக்கூடச் செய்யும். ஓட்டிவந்தவர் வீட்டுக்குள் போய்ச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், கூலன்ட் அதே விரிசல் வழியாக ஆயிலுக்குள் கசிந்துகொண்டிருக்கும்.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பரிசோதனை முடிந்த மாதிரி. டிப்ஸ்டிக்கை இழுத்து, வெளிறிய பழுப்பில் குழம்பிக் கிடக்கும் ஆயிலைப் பார்த்ததும் “ஹெட் கேஸ்கட் போயிடுச்சு” என்று தீர்ப்புச் சொல்வது பட்டறை வழக்கம். பல நேரம் தீர்ப்பு சரியாகவும் இருக்கும். ஆனால் வெளுத்த ஆயில் நமக்குச் சொல்வதெல்லாம் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்பதை மட்டும்தான். எந்த வழியாக வந்தது, எப்போது வந்தது, அந்த வழி ஏன் திறந்தது என்ற மூன்று கேள்விகளும் அப்படியே நிற்கின்றன. மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் செய்கிற ரிப்பேர் மறுபடியும் பட்டறைக்கு வரும்.

அண்டை வீட்டார்

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலன்ட்டுக்குப் போகிறது. இன்னொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. சக்கரத்துக்குக் கிடைப்பது மிச்சம். சிலிண்டருக்குள் எரியும் தீயின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிலிண்டர் ஹெட் செய்யப்பட்ட அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஹெட் உருகாமலிருக்க, தீக்குச் சில மில்லிமீட்டர் தள்ளியே கூலன்ட் ஓடியாக வேண்டும். அதே ஹெட்டின் மேல்தட்டில் கேம் ஷாஃப்ட் சுழல்கிறது. அதற்கு ஆயில் ஏறியாக வேண்டும், ஏறிய ஆயில் அடியிலுள்ள சம்ப்புக்குத் திரும்பியாக வேண்டும். தீ, ஆயில், கூலன்ட் மூன்றும் ஒரே உலோகக் கட்டிக்குள் விரல்கடை இடைவெளியில் குடியிருக்கின்றன.

ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் உள்ள கேஸ்கட், இந்த மூன்றின் பாதைகளும் ஒருசேரக் கடந்துபோகிற ஒரே தகடு. நான்கு பெரிய துளைகள் சிலிண்டர்களுக்கு. சுற்றிலும் கூலன்ட்டுக்கான சிறு துளைகள். ஆயில் மேலே ஏற ஒரு துளை, கீழே இறங்கச் சில துளைகள், போல்ட்டுகளுக்கு வேறு. தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் எரிபொருள் தீப்பற்றும்போது அழுத்தம் 60 பாரைத் தொட்டால், ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 3 டன் எடைக்குச் சமம். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இது நடக்கிறது.

ஆகவே கேஸ்கட் எந்த இரண்டு துளைகளுக்கு நடுவே அறுந்தது என்பதைப் பொறுத்து நோயின் முகம் மாறும். தீக்கும் கூலன்ட்டுக்கும் நடுவே அறுந்தால் கூலன்ட் தொட்டியில் குமிழி வரும், புகைக்குழாயில் வெண்புகை வரும். ஆயில் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். மேலே ஏறுகிற ஆயிலின் துளைக்கும் கூலன்ட்டுக்கும் நடுவே அறுந்தால், ஓடும்போது ஆயில் அங்கே போகும், நின்றபின் கூலன்ட் இங்கே வரும். இரண்டு பக்கமும் கெடும். கீழே இறங்குகிற ஆயிலின் பாதையில் அழுத்தமே கிடையாது. அங்கே அறுந்தால் இரவும் பகலும் கூலன்ட்தான் ஆயிலுக்குள் இறங்கும். தொட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் தெரியாது.

ஹெட் கேஸ்கட் சம்பந்தப்படாத வழிகளும் உண்டு. பல இன்ஜின்களில் ஆயிலைக் குளிர்விக்க ஆயில் கூலர் என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். அடுக்கடுக்கான மெல்லிய தகடுகளின் ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கூலன்ட். அதில் ஒரு தகடு அரித்தால் இரண்டும் கலந்துவிடும். வி வடிவ இன்ஜின்கள் சிலவற்றில் இன்டேக் மேனிஃபோல்டின் அடிக் கேஸ்கட் வழியாகவும் கூலன்ட் ஓடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் 3.1, 3.4 லிட்டர் வி6 இன்ஜின்களில் பிளாஸ்டிக் சட்டமிட்ட அந்தக் கேஸ்கட் விட்டுப்போய், கூலன்ட் நேராக இன்ஜினின் நடுப்பள்ளத்தில் வடிந்து சம்ப்பில் சேர்வது அமெரிக்காவில் பேர்போன கோளாறு. ஃபோர்டின் 3.5 லிட்டர் வி6-இல், குறுக்காகப் பொருத்தப்பட்ட வகையில், வாட்டர் பம்ப்பையே டைமிங் செயின் மூடிக்குள் வைத்துவிட்டார்கள். பம்ப்பின் சீல் போனால் கூலன்ட்டின் அடுத்த நிறுத்தம் ஆயில்தான். இப்படிப்பட்ட வண்டியில் ஹெட்டைக் கழற்றுவது, பல்வலிக்கு வயிற்றைக் கிழிப்பதற்குச் சமம்.

எண்ணெயும் தண்ணீரும்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது ஊரறிந்த விஷயம். இன்ஜினுக்குள் மட்டும் எப்படி ஒட்டுகிறது? இன்ஜின் ஆயில் வெறும் எண்ணெய் கிடையாது. கரித்தூளை மிதக்கவைத்துச் சுமந்துகொண்டுபோக அதில் டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட் என்ற சேர்மங்கள் கலந்திருக்கின்றன. அவற்றின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை எண்ணெயை விரும்பும், மறுமுனை தண்ணீரை விரும்பும். ஆயிரக்கணக்கான சுற்றில் ஆயிலை அடித்துக் கலக்கும் கிராங்க் ஷாஃப்ட், தண்ணீரை மைக்ரான் அளவுத் துளிகளாக உடைக்கிறது. இந்த மூலக்கூறுகள் ஒவ்வொரு துளியையும் சூழ்ந்துகொண்டு மறுபடி சேரவிடாமல் தடுக்கின்றன. பிறப்பது ஒரு பால்மம். தண்ணீருக்குள் கொழுப்புத் துளிகள் மிதந்தால் பால். இங்கே எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள். அந்த வகையில் இது வெண்ணெயின் உறவு. தண்ணீருக்கும் நிறமில்லை, புது ஆயிலும் தெளிவானதுதான். ஆனால் ஒளி துளிக்குத் துளி முட்டிச் சிதறுவதால் எல்லா நிறமும் கலந்து வெளுப்பாகத் தெரிகிறது.

இதில் ஒரு பொய்சாட்சி உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இன்ஜினின் அடிவயிற்றுக்குள் நுழைந்துவிடும். குளிர்ப் பிரதேசத்தில் தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் இந்த ஆவி வெளியேறும் அளவுக்கு ஆயில் சூடாவதே இல்லை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மயோனைஸ் கணக்காகப் படிந்துவிடும். மூடி மட்டும் வெளுத்து, டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்து, கூலன்ட் மட்டமும் குறையாமலிருந்தால், வண்டியை நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பார்ப்பதுதான் முதல் வைத்தியம்.

இதற்கு நேரெதிரான ஏமாற்றம்தான் ஆபத்தானது. கூலன்ட்டில் பாதி தண்ணீர், மீதி பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். நூறு டிகிரியை ஒட்டிய ஆயிலில் தண்ணீர் மெல்ல ஆவியாகிப் போய்விடும். கிளைக்கால் கொதிப்பதோ 197 டிகிரியில், அது போகாது. நீண்ட பயணம் முடிந்து பார்த்தால் ஆயில் வெளுப்பு மாறிக் கறுப்பாக, நல்லபடியாகவே தெரியும். அதற்குள் கிளைக்கால் ஆக்சிஜனோடு சேர்ந்து கிளைக்காலிக், ஆக்ஸாலிக், ஃபார்மிக் அமிலங்களாக மாறத் தொடங்கியிருக்கும். ஆயிலிலுள்ள சேர்மங்களோடு வினைபுரிந்து நுண்ணிய கெட்டி உருண்டைகளாகத் திரண்டு, ஃபில்டரை அடைக்கும்.

ஒரு மரத்தக்கை சொன்னது

வெறும் சில மைக்ரான் தண்ணீர்த் துளிகளுக்கு இவ்வளவு பயமா என்று கேட்பவருக்காக 1883-க்குப் போகலாம். இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பியூசாம்ப் டவர் என்பவர் ரயில் பெட்டி அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் ஊற்ற வசதியாக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியாக ஆயில் உள்ளே போவதற்குப் பதில் வெளியே பொங்கிற்று. தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையை அறைந்தார், அதுவும் மெல்ல வெளியே வந்தது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல், ஏறக்குறைய 14 பார். பேரிங் தாங்கிய சராசரி பாரத்தைப் போல இரண்டு மடங்கு.

சுழலும் அச்சு ஆயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், குறுகும் இடைவெளிக்குள் திணிக்கிறது; அந்தத் திணிப்பே அச்சைத் தூக்கிப் பிடிக்கும் அழுத்தமாகிறது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதை 1886-இல் சமன்பாடாக்கினார். இன்றைக்கும் கிராங்க் ஷாஃப்ட்டும் அதன் பேரிங்கும் ஓடும்போது ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே சில மைக்ரான் ஆயில் படலம். மனித மயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அந்தப் படலம் நிற்பதற்கு ஆயிலின் பிசுபிசுப்பு வேண்டும். அதில் தண்ணீர்த் துளி புகுந்தால் அந்த இடத்தில் பிசுபிசுப்பு இல்லை. சூட்டில் துளி ஆவியானால் படலமே உடைகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. பேரிங்கின் மேற்பூச்சிலுள்ள ஈயத்தையும் தாமிரத்தையும் அமிலங்கள் தம் பங்குக்கு அரிக்கின்றன. கூலன்ட் கலந்த ஆயிலோடு வண்டியை “பட்டறை வரைக்கும்தானே” என்று ஓட்டுவதில் பணம் மிச்சப்படும் என்று நினைப்பவர், கேஸ்கட்டின் விலையையும் கிராங்க் ஷாஃப்ட்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேட்கும் முறை

வண்டி ஓர் இரவு முழுக்க நிற்கட்டும். காலையில், இன்ஜினைத் தொடாமல், சம்ப்பின் அடிப் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் எது சொட்டுகிறது என்று பார்க்கலாம். கூலன்ட் ஆயிலைவிட அடர்த்தியானது. பால்மமாகாத கூலன்ட் அடியில் தங்கியிருக்கும். பச்சையோ சிவப்போ நீலமோ முதலில் வந்தால் கசிவு பெரிது, அல்லது புதிது. ஒன்றும் வராவிட்டாலும் ஒரு துளி ஆயிலை 150 டிகிரிக்கு மேல் சூடான தகட்டில் விட்டால், தண்ணீர் இருக்கும் பட்சத்தில் சடசடவென்று வெடிக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீரைக்கூட இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

ஆய்வகத்துக்கு அனுப்பினால் அங்கே தேடுவது கிளைக்காலை மட்டுமில்லை. அது உருமாறி மறைந்துவிடக்கூடும். கூலன்ட்டில் துருத் தடுப்புக்காகச் சேர்த்த சோடியம், பொட்டாசியம் போன்ற தனிமங்கள் ஆவியாகாமல், சிதையாமல் ஆயிலில் தங்கிவிடும். தண்ணீர் போய், கிளைக்காலும் போனபிறகு பொட்டாசியம் நின்று சாட்சி சொல்லும். பெரிய லாரி, கப்பல், ஜெனரேட்டர் இன்ஜின்களை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் இந்தப் பரிசோதனையைச் செய்வது இதனால்தான். ஆயில் வெளுக்கும் வரை அவர்கள் காத்திருப்பதில்லை.

தண்ணீர் வந்தது உறுதியானதும் வழியைத் தேட வேண்டும். இங்கே முதலாவது கருவி ஒரு கைப்பம்ப். ரேடியேட்டர் மூடியின் இடத்தில் அதைப் பொருத்தி, ஆறிய இன்ஜினில், மூடியின் மேல் எழுதியிருக்கும் அழுத்தம் வரை காற்றை ஏற்றி விட்டுவிடுவார்கள். முள் இறங்குகிறதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சம்ப்பைக் கழற்றிவிட்டு, அழுத்தம் ஏற்றிய நிலையில், கீழே படுத்து விளக்கடித்துப் பார்ப்பவருக்குத்தான் உண்மை கிடைக்கும். சிலிண்டரின் உட்சுவராகச் செருகப்பட்டிருக்கும் லைனரின் அடிப்பக்கம் சொட்டுகிறதா, முன்பக்க டைமிங் மூடியிலிருந்து வடிகிறதா, மேலிருந்து ஆயில் இறங்கும் துளை வழியே வருகிறதா என்று நேரிலேயே தெரியும். ஆயில் கூலர் உள்ள வண்டியாக இருந்தால் அதைத் தனியே கழற்றி, ஒரு வாயை அடைத்து மறுவாயில் காற்றடித்து, தண்ணீரில் முக்கிப் பார்ப்பது அரை மணி நேர வேலை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். மலிவான சந்தேகத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும்.

பட்டறைகளில் பிரபலமான நீலத் திரவச் சோதனையை இங்கே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கூலன்ட் தொட்டியின் மேலிருக்கும் காற்றை புரோமோதைமால் நீலம் கலந்த திரவத்தின் வழியே உறிஞ்சுவார்கள். எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு திரவத்தை அமிலமாக்க, நீலம் பச்சையாகி மஞ்சளாகும். மஞ்சளானால் தீக்கும் கூலன்ட்டுக்கும் நடுவே வழி திறந்திருக்கிறது. மஞ்சளாகாவிட்டால் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை! ஆயில் இறங்கும் துளைக்கும் கூலன்ட்டுக்கும் நடுவே கேஸ்கட் அறுந்திருந்தால் தீக்கு அதில் பங்கே கிடையாது; திரவம் கடைசி வரை நீலமாகவே நிற்கும், ஆயில் வெளுத்துக்கொண்டே போகும். சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் சோதனைக்கும் இதே எல்லைதான்.

லாங்பிரிட்ஜின் கே சீரீஸ்

ஏன் அறுந்தது என்ற கேள்விக்கு வருவோம். அதற்கு பிரிட்டனில் பர்மிங்ஹாம் நகரின் லாங்பிரிட்ஜில் பிறந்த ரோவர் கே சீரீஸ் இன்ஜினைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது. 1980-களின் இறுதியில் வந்தபோது அது பொறியாளர்கள் கொண்டாடிய படைப்பு. ஹெட், பிளாக், அடிச்சட்டம் எல்லாம் அலுமினியம். ஹெட்டின் உச்சியிலிருந்து அடிச்சட்டம் வரை ஊடுருவும் பத்து நீளமான போல்ட்டுகள் மொத்த அடுக்கையும் இறுக்கிப் பிடித்திருக்கும். அலுமினியம் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பை அவ்வளவாகத் தாங்காது. இழுப்பு முழுவதையும் எஃகுப் போல்ட்டுகளிடம் ஒப்படைத்துவிட்டதால் உலோகத்தை மெலிதாக்கி எடையைக் குறைக்க முடிந்தது.

அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 30 சென்டிமீட்டர் உயரமுள்ள அலுமினிய அடுக்கு 80 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும். அதே நீள எஃகு 0.3 மில்லிமீட்டர்கூட வளராது. வித்தியாசத்தைப் போல்ட் நீண்டு ஈடுகட்ட வேண்டும். குட்டைப் போல்ட்டைவிட நெட்டைப் போல்ட் நெகிழ்வானது என்பதால் இறுக்கம் பெரிதாக மாறாமல் சமாளிக்கும். அந்த அளவில் வடிவமைப்பு புத்திசாலித்தனமானது.

முதலில் வந்தவை 1.1, 1.4 லிட்டர் இன்ஜின்கள். பின்னர் 1990-களின் நடுவில் அதே இன்ஜினை 1.8 லிட்டராகப் பெருக்கினார்கள். சிலிண்டரின் விட்டம் 75 மில்லிமீட்டரிலிருந்து 80 ஆயிற்று. சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையிலான தூரம் மாறவில்லை. அப்படியானால் நடுவிலிருந்த இடத்தில் 5 மில்லிமீட்டர் போயிற்று. லைனர்களின் மேல்பகுதியைச் சுற்றி மட்டும் கூலன்ட்; அடியில் ஒரு படியில் சீலன்ட் தடவி அமர்த்தியிருக்கும். லைனரின் மேல்விளிம்பு பிளாக்கின் மட்டத்துக்கு மயிரிழை மேலே நின்றால்தான் கேஸ்கட்டை நன்றாக அழுத்தும். அது சற்றே அமிழ்ந்தாலும் பிடி தளரும். இந்த 1.8 லிட்டர் இன்ஜின் 1995-இல் எம்ஜி எஃப், 1996-இல் லோட்டஸ் எலீஸ், 1997-இல் லேண்ட்ரோவர் ஃப்ரீலேண்டர் என்று வரிசையாகப் பல வண்டிகளுக்குப் போயிற்று.

கேஸ்கட் மெல்லிய எஃகுத் தகடு. அதன்மேல் கூலன்ட்டையும் ஆயிலையும் பிரித்து வைக்க ரப்பர் போன்ற பொருளில் வரப்பு ஒட்டியிருக்கும். இன்ஜினுக்குள் சுற்றும் கூலன்ட்டின் அளவு குறைவு. தெர்மோஸ்டாட், கூலன்ட் இன்ஜினுக்குள் நுழையும் பக்கத்தில் இருந்தது. எம்ஜி எஃப் வண்டியில் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்மூக்கில். நடுவே நீண்ட குழாய்கள் முழுக்கக் குளிர்ந்த கூலன்ட். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தக் குளிர் ஒரேயடியாகச் சூடான பிளாக்குக்குள் பாயும். பிளாக் சுருங்கும், ஹெட் இன்னும் விரிந்தே இருக்கும், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். அவற்றை நிலையில் நிறுத்த வேண்டிய இரண்டு ஊசிகள் முதலில் பிளாஸ்டிக். நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் வரப்பு ஒவ்வொரு வழுக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து பிய்ந்தது. இதோடு இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் சொட்டும் சிறு கசிவும் சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே அளவு குறைவான கூலன்ட்டில் அரை லிட்டர் போனாலே நிலைமை மோசம். மட்டம் இறங்கி, வெப்பமானி உணரியைச் சுற்றி ஆவி சூழ்ந்துவிட்டால் முள் சரியான சூட்டைக் காட்டாது. ஓட்டுபவர் எதுவும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்.

பத்திரிகைகளும் உரிமையாளர்களும் கேஸ்கட்டையே திட்டினார்கள். கேஸ்கட் பரிதாபமான பலி. அதைக் கொல்வதற்குக் குளிர்ப் பாய்ச்சல், வழுக்கல், அமிழ்ந்த லைனர், சொட்டுக் கசிவு என்று ஒரு கூட்டமே சேர்ந்திருந்தது. தீர்வுகளும் அப்படியே பல பக்கத்திலிருந்து வந்தன: பிளாஸ்டிக் ஊசிகளுக்குப் பதில் எஃகு, குளிர்ப் பாய்ச்சலை மட்டுப்படுத்தும் புதுவகைத் தெர்மோஸ்டாட், பல அடுக்கு எஃகுக் கேஸ்கட், இன்னும் உறுதியான அடிச்சட்டம். எம்ஜி ரோவர் நிறுவனம் 2005 ஏப்ரலில் திவாலாயிற்று. அதற்குக் காரணங்கள் பல. ஹெட் கேஸ்கட் வாங்கித்தந்த கெட்ட பெயரும் அதில் ஒரு சுமை என்றே நான் நினைக்கிறேன்.

கழற்றுவதும் பூட்டுவதும்

ஹெட்டைத் தூக்கியதும் பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியக் கூடாது. எந்த இடத்தில் வரப்பு பிய்ந்திருக்கிறது, எங்கே கறை வழிந்திருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். பிறகு ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்க்கோல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் செருகிப் பார்க்க வேண்டும். பல அலுமினிய ஹெட்டுகளுக்கு 0.05 மில்லிமீட்டர் கோணல்தான் எல்லை. அதைத் தாண்டினால் ஃபேசிங். எவ்வளவு சீவலாம் என்பதற்கும் தயாரிப்பாளர் வைத்த வரம்பு உண்டு. மட்டமாக்கிவிட்டால் மட்டும் போதாது: ஒருமுறை கடுமையாகச் சூடேறிய அலுமினியம் பதம் இழந்து மென்மையாகிவிடும், கேஸ்கட்டின் வளையம் அதில் பள்ளம் பதிக்கும். அப்படிப்பட்ட ஹெட்டைச் சீவி மாட்டினால் மறுபடி பள்ளம் விழும். கடினத்தைச் சோதித்துத் தேறாவிட்டால் வேறு ஹெட்தான். விரிசலுக்குத் தனிச் சோதனை: கூலன்ட் பாதைகளை அடைத்து, வெந்நீரில் முக்கி, காற்றழுத்தம் ஏற்றிக் குமிழி பார்ப்பார்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கும் விரிசல்கள் உண்டு என்பதால் பச்சைத் தண்ணீர் உதவாது.

கே சீரீஸில் ஹெட் கழன்றிருக்கும்போது லைனர்களைப் பிடித்துவைக்கத் தனிக் கவ்விகள் மாட்ட வேண்டும். அவை இல்லாமல் கிராங்கைச் சுழற்றினால் பிஸ்டன் லைனரைத் தூக்கிவிடும், அடியிலுள்ள சீலன்ட் விட்டுப்போகும். புதுக் கேஸ்கட், புதுப் போல்ட், எல்லாம் மாட்டி முடித்து மறுவாரம் பார்த்தால் ஆயில் மறுபடி வெளுத்திருக்கும். அதற்கும் கேஸ்கட்டுக்குத்தான் திட்டு விழும்.

பல இன்ஜின்களின் போல்ட் துளைகள் அடிமூடியவை. அவற்றில் கூலன்ட்டோ ஆயிலோ தேங்கியிருக்க போல்ட்டை முறுக்கினால், அமுங்காத திரவம் பிளாக்கையே பிளந்துவிடும். காற்றடித்துக் காயவைப்பது சம்பிரதாயத்துக்காகச் செய்யும் வேலை இல்லை.

பூட்டுவதில் ஒரு நுட்பம். கே சீரீஸின் போல்ட்டுகளை முதலில் 20 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, பின் 180 டிகிரி, மறுபடி 180 டிகிரி திருப்பச் சொல்வார்கள். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக. டார்க் ரென்ச் கையில் இருக்கும்போது கோணக் கணக்கு எதற்கு? நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு போல்ட் தலையின் அடியிலும் புரியிலும் உராய்வாகவே செலவாகிறது. போல்ட்டை நீட்டி இறுக்கம் தருவது மிச்சம் ஒரு பங்குதான். புரியில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலே ரென்ச் காட்டும் எண் அர்த்தமற்றதாகிவிடும். கோணம் அப்படி ஏமாற்றாது. புரி ஒரு சுற்றுக்கு இவ்வளவு இறங்கும் என்பது வடிவியல். இறங்கிய அளவுக்குப் போல்ட் நீண்டே ஆக வேண்டும்.

இனி ஆயில் பக்கம். கெட்ட ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, விலை குறைந்த புது ஆயிலை ஊற்றி, சில நிமிடம் மிதமாக ஓடவிட்டு, சூட்டோடு வடிக்க வேண்டும். வெளுப்பு தெரியாத வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கிளைக்கால் கெட்டிப்பட்டுப் பிசினாகிவிட்ட இன்ஜினுக்குப் பியூட்டைல் செல்லோசால்வ் என்ற கரைப்பானை ஆயிலோடு கலந்து ஓட்டும் முறை பெரிய டீசல் இன்ஜின்களில் இருக்கிறது. கலந்த ஆயிலோடு நெடுந்தூரம் ஓடிய வண்டி என்றால் சம்ப்பைக் கழற்றி, ஒரு பேரிங் மூடியையாவது திறந்து பார்த்துவிடுவது நல்லது. பூச்சு பிய்ந்து செம்பு தெரிந்தால் மேலே செய்த வேலை எல்லாம் வீண்.

பாட்டில் மருந்து

ஹெட்டைக் கழற்றாமலே கசிவை அடைக்கும் திரவங்கள் பாட்டிலில் விற்கின்றன. பலவற்றில் இருப்பது சோடியம் சிலிக்கேட், நீர்க்கண்ணாடி என்று வேதியியல் பாடத்தில் படித்தது. கசிவின் வழியே போய்ச் சூட்டில் தண்ணீரை இழந்ததும் கண்ணாடி போல இறுகி அடைக்கும். தீக்கும் கூலன்ட்டுக்கும் நடுவே உள்ள சிறு பிளவில் சில காலம் பிடிக்கவும் செய்யும்.

இதே வேதிப்பொருளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2009-இல் அமெரிக்க அரசு பழைய கார்களை வாங்கிக்கொண்டு புதுக் காருக்குத் தள்ளுபடி தந்தது. வாங்கிய பழைய இன்ஜின்கள் மறுபடி சாலைக்கு வரக் கூடாது என்பது விதி. அவற்றைக் கொல்ல விதித்த முறை: ஆயிலை வடித்துவிட்டு, அந்த இடத்தில் 40 சதவீத சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, இன்ஜினை ஓடவிடு. பேரிங்குகளின் சூட்டில் கரைசல் காய்ந்து மணலும் கண்ணாடியுமாகி, பெரும்பாலும் சில நிமிடங்களில் இன்ஜின் இறுகி நின்றுவிடும். கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் வண்டியின் ரேடியேட்டரில் அந்தப் பாட்டிலைக் கவிழ்ப்பவர், அதில் ஒரு பகுதியைப் பேரிங்குக்கே அனுப்பிவைக்கிறார்.

ரிப்பேர் முடிந்த வண்டியில் முதல் வேலை கூலன்ட் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. ஹெட்டுக்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டால் அந்த இடம் மட்டும் வறண்டு சூடேறி, புதுக் கேஸ்கட்டுக்கு முதல் நாளிலேயே சோதனை வைக்கும். பிறகு சில வாரங்களுக்கு, இன்ஜின் ஆறியிருக்கும் காலைகளில், தொட்டியில் கூலன்ட் மட்டத்தைக் கோடு போட்டுக் கவனிக்க வேண்டும். அடுத்த ஆயில் மாற்றத்தில் ஒரு சிறு குப்பி ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பழைய மிச்சத்தால் பொட்டாசியம் கொஞ்சம் தெரியும். அதற்கடுத்த முறை அது குறைந்திருக்க வேண்டும். ஏறியிருந்தால், கைப்பம்ப்பை மறுபடி எடுத்து, சம்ப்பைக் கழற்றி, விளக்கோடு கீழே படுக்க வேண்டியதுதான்.